டேபிள் போடும் முன்: 28 குறிப்புகள்

பைத்தானில் எழுதுகிறவர்களில் பலர் டேட்டாபேஸோடு பேச எஸ்கியூஎல்ஆல்கெமியைத்தான் நம்பியிருக்கிறார்கள். மைக் பேயர் 2006-இல் வெளியிட்ட கருவி இது. 2023 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பு எழுதும் முறையை நிறைய மாற்றிவிட்டது. அடிப்படை மட்டும் அப்படியே இருக்கிறது: ஒரு கிளாஸ் எழுதினால் ஒரு டேபிள், கிளாஸுக்குள் ஒரு பெயர் எழுதினால் ஒரு நெடுவரிசை. பத்து நிமிட வேலைதான். அந்தப் பத்து நிமிடத்தில் விட்ட பிழையைத் திருத்தப் பின்னால் பத்து ஞாயிற்றுக்கிழமைகள் போகும்.

இங்கே எல்லாக் குறிப்புக்கும் ஒரே உதாரணம்: தெருமுனை வாடகை நூலகம். புத்தகம், பிரதி, ஆசிரியர், உறுப்பினர், ஊழியர், இரவல் என்று ஆறு டேபிள்கள். மாட்டிக்கொள்ளக்கூடிய சிக்கல் அனைத்தும் இந்த ஆறுக்குள் வந்துவிடும்.

நெடுவரிசைகள்

1. கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் நூலகத்தின் பழைய பேரேட்டைத் திறங்கள். கட்டங்களின் தலைப்புகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருக்கும் இடங்களைப் பாருங்கள். “அட்டை கிழிந்தது”, “தம்பி வந்து வாங்கினார்” என்று எழுதிய ஒவ்வொன்றும், தலைப்பு போட்டவர் மறந்துவிட்ட ஒரு நெடுவரிசை.

2. கூட்டிக் கழிக்காத எண், எண் அல்ல. தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு, உறுப்பினர் அட்டை எண், ஐஎஸ்பிஎன் எல்லாவற்றையும் ஸ்ட்ரிங்காக வையுங்கள். இன்டிஜராக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யம் உதிர்ந்துவிடும். பழைய பத்து இலக்க ஐஎஸ்பிஎன்னில் கடைசி எழுத்து சில சமயம் ‘எக்ஸ்’ ஆகவும் இருக்கும். அது உள்ளேயே நுழையாது.

3. அபராதத் தொகைக்கு ஃப்ளோட் வேண்டாம். பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். நியூமெரிக் வகையில் மொத்தம் 10 இலக்கம், புள்ளிக்குப் பின் 2 என்று எழுதினால் காசு சிந்தாது. எஸ்கியூலைட்டில் தசமத்துக்கென்று தனி வகை கிடையாது. அங்கே தொகையைப் பைசாவாக்கி முழு எண்ணாகச் சேமிப்பதே நல்லது.

4. தமிழ்ப் பெயர்களுக்கு நீளத்தைத் தாராளமாகக் கொடுங்கள். “தமிழ்” கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து, ஏனென்றால் கொக்கிக்கும் புள்ளிக்கும் தனித்தனி இடம். “ஸ்ரீ” என்ற ஒன்றே நான்கு இடம் பிடிக்கும். கண்ணால் எண்ணி 30 என்று போட்டால், நீளமான பெயர் வரும் நாளில் பதிவு திரும்பி வரும். நீளமே சொல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் ஏற்கும். மைஎஸ்கியூஎல் டேபிளையே உருவாக்காது.

5. ஒரே பெயர் இரண்டு விதமாக உள்ளே நுழையலாம். “கோபால்” என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே யூனிகோடு எழுத்தாகவும் அடிக்கலாம். இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். டேட்டாபேஸுக்கு அவை இரண்டு பேர். யூனிக் போட்டிருந்தாலும் பிடிபடாது. தேடினால் பாதிப் பேர்தான் கிடைப்பார்கள். சேமிக்கும் முன் யூனிகோடுடேட்டா மாடியூலின் நார்மலைஸ் ஃபங்ஷனில் ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். கிளாஸுக்குள்ளேயே வேலிடேட்ஸ் என்ற டெக்கரேட்டரின் கீழ் எழுதினால், ஆப்ஜெக்ட் வழியாக வரும் எந்தப் பெயரும் தப்பாது.

6. ‘முதல் பெயர், கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டாயக் கட்டங்கள் போடாதீர்கள். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இருப்பது பெயரும் தலைப்பெழுத்தும்தான். அவர்கள் கடைசிப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரையோ ஒரு புள்ளியையோ வைத்துவிட்டுப் போவார்கள். பெயருக்கு ஒரு கட்டாய நெடுவரிசை, தலைப்பெழுத்துக்கு ஒரு விருப்ப நெடுவரிசை போதும். மு. கண்ணனைக் ‘க’ வரிசையில் தேடவும் அதுவே வசதி.

7. கட்டாயமா, விருப்பமா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். 2.0 முறையில் ‘மேப்டு’ குறிப்புக்குள் வெறும் எஸ்டிஆர் என்று எழுதினால் அந்த இடம் காலியாக இருக்க முடியாது. ஆப்ஷனல் சேர்த்தால் இருக்கலாம். பழைய ‘காலம்’ முறையில் எதுவும் சொல்லாவிட்டால் காலியாக இருக்க அனுமதி உண்டு. பழைய கோடைப் புதிய முறைக்கு மாற்றுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சந்தேகம் இருந்தால் கட்டாயம் என்றே வையுங்கள். பின்னால் தளர்த்துவது சுலபம். இறுக்குவது கஷ்டம், அதற்குள் காலிப் பதிவுகள் குவிந்திருக்கும்.

8. வெற்று ஸ்ட்ரிங்கும் நல் மதிப்பும் ஒன்றல்ல. பழைய புத்தகங்களுக்கு ஐஎஸ்பிஎன் கிடையாது. படிவத்திலிருந்து வரும் வெற்று ஸ்ட்ரிங்கை அப்படியே சேமித்தால், யூனிக் உள்ள நெடுவரிசையில் இரண்டாவது பழைய புத்தகமே மோதி நிற்கும். அதைப் பைத்தானின் ‘நன்’ ஆக்கிச் சேமித்தால் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் மூன்றும் எத்தனை நல் வந்தாலும் ஏற்கும்.

9. டீஃபால்ட்டாக ஃபங்ஷனின் பெயரைக் கொடுங்கள். அதைக் கூப்பிட்டுக் கிடைத்த விடையைக் கொடுக்காதீர்கள். நானே மாட்டியது இது. இரவல் நேரத்துக்கு டீஃபால்ட் எழுதும்போது, மணி பார்க்கும் ஃபங்ஷனுக்குப் பின்னால் பழக்க தோஷத்தில் அடைப்புக்குறிகளையும் போட்டுவிட்டேன். சர்வர் எழுந்தபோது ஒரே ஒரு முறை மணி பார்த்தது. பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அதையே எழுதியது. மூன்று நாள் இரவல்கள் அத்தனையும் திங்கட்கிழமை காலை 9.12-க்கு எடுத்ததாக நின்றன. இரண்டே இரண்டு அடைப்புக்குறிகள்!

10. டீஃபால்ட் வேறு, சர்வர் டீஃபால்ட் வேறு. முன்னது பைத்தான் பக்கத்தில் நடப்பது. யாராவது டேட்டாபேஸுக்குள் நேரே போய்க் கையால் பதிவு சேர்த்தால் அது எட்டிப் பார்க்காது. அப்போதும் மதிப்பு விழ வேண்டும் என்றால் சர்வர் டீஃபால்ட் எழுதுங்கள்.

11. திருப்ப வேண்டிய நாளுக்கு டேட் போதும். எடுத்த நேரத்துக்கு டேட்டைம். அதில் டைம்ஸோன் ட்ரூ என்று கொடுங்கள். உலகப் பொது நேரம் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நள்ளிரவுக்கும் அதிகாலை 5.30-க்கும் இடையே வீட்டிலிருந்து புதுப்பித்தவருக்கு, அந்தக் கணக்கில் நேற்றைய தேதி விழும். ஒரு நாள் அபராதத்துக்காகச் சண்டை வரும்.

12. ஈனம் வகை, நீங்கள் எழுதிய மதிப்பைச் சேமிப்பதில்லை. அதன் பெயரைச் சேமிக்கிறது. டேட்டாபேஸில் என்ன விழுகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸில் பிரதியின் நிலைகளான ‘உள்ளே, வெளியே, தொலைந்தது’ என்பதோடு ‘பைண்டிங்குக்குப் போனது’ என்று ஒன்றைச் சேர்க்க, அந்த வகையையே மாற்றும் கட்டளை தேவைப்படும். நிலைகள் அடிக்கடி கூடுமானால், அவற்றுக்கென்று ஒரு சின்ன டேபிள் போட்டுவிடுங்கள்.

13. சில பெயர்களைத் தொடாதீர்கள். கிளாஸுக்குள் ‘மெட்டாடேட்டா’ என்ற பெயரை எஸ்கியூஎல்ஆல்கெமி தனக்கென எடுத்துவைத்திருக்கிறது. டேபிளுக்கு ‘யூசர்’ என்று பெயர் வைத்தால், கருவி தானாக மேற்கோள் குறி போட்டுச் சமாளிக்கும். ஆனால் நீங்கள் போஸ்ட்கிரெஸில் கையால் கேட்டுப் பார்த்தால், உறுப்பினர் பட்டியலுக்குப் பதில் உள்ளே நுழைந்த உங்கள் பெயரே பதிலாக வரும். ‘யூசர்ஸ்’ என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சாவிகள்

14. பிரைமரி கீ இல்லாத கிளாஸை இந்தக் கருவி ஏற்காது. அடம் அல்ல, காரணம் உண்டு. ஒரு செஷனுக்குள் ஒரு சாவிக்கு ஒரே ஆப்ஜெக்ட்தான். ஒரே உறுப்பினரை இரண்டு முறை கேட்டாலும் கையில் வருவது அதே ஆப்ஜெக்ட். ஆளை அடையாளம் காண அதற்கு வேறு வழி இல்லை.

15. வெளியார் கொடுத்த எண்ணைப் பிரைமரி கீ ஆக்காதீர்கள். ஐஎஸ்பிஎன் பார்க்கப் பொருத்தமாகத்தான் தெரியும். ஆனால் 2007 ஜனவரி 1 முதல் அது பத்து இலக்கத்திலிருந்து பதின்மூன்றாக மாறியது. அதைச் சாவியாக வைத்திருந்தால், புத்தக டேபிளோடு அதைச் சுட்டிய ஒவ்வொரு டேபிளையும் மாற்றியிருக்க வேண்டும். உங்களுக்கென்று ஒரு வெற்று இன்டிஜர் ஐடி வையுங்கள். ஐஎஸ்பிஎன்னுக்கு யூனிக் மட்டும் போதும்.

16. போஸ்ட்கிரெஸில் சாதாரண இன்டிஜர் 2,147,483,647-இல் நின்றுவிடும். தெருமுனை நூலகம் அதைத் தொடப்போவதில்லை. நொடிக்கு நூறு பதிவு விழும் டேபிள் என்றால் பிக்இன்டிஜர் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: எஸ்கியூலைட்டில் பிக்இன்டிஜர் பிரைமரி கீ தானாக எண் ஏற்றிக்கொள்ளாது, அதற்கு இன்டிஜர் என்றே இருக்க வேண்டும்.

17. ஃபாரின் கீயில் எழுதுவது டேபிளின் பெயர். ரிலேஷன்ஷிப்பில் எழுதுவது கிளாஸின் பெயர். புதிதாக வருகிறவர்களின் முதல் பிழைச் செய்தி பெரும்பாலும் இதை மாற்றி எழுதியதால் வருவதுதான். ஒட்டுச்சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

18. எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ பொதுவாகத் தூங்கிக்கொண்டிருக்கும். இல்லாத உறுப்பினருக்கு இரவல் எழுதினாலும் பேசாமல் ஏற்கும். ஒவ்வொரு இணைப்பிலும் ‘பிராக்மா ஃபாரின் கீஸ் ஆன்’ என்ற கட்டளை போக வேண்டும். இணைப்பு திறக்கும் நிகழ்வில் ஒரு சின்ன ஃபங்ஷனை மாட்டிவிட்டால் தானாகப் போகும். இதைச் செய்யாமல் எஸ்கியூலைட்டில் சோதித்துவிட்டுப் போஸ்ட்கிரெஸில் ஏற்றினால், ஏற்றிய அன்றுதான் உண்மை தெரியும்.

19. ஃபாரின் கீ போட்டால் இண்டெக்ஸும் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி தானாகப் போடும், போஸ்ட்கிரெஸ் போடாது. இரவல் டேபிளில் உறுப்பினர் ஐடிக்கு இண்டெக்ஸ் ட்ரூ என்று நீங்களே எழுதுங்கள்.

20. ஒரு பிரதி ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் இருக்க முடியாது. இதைக் கோடில் ‘உள்ளே இருக்கிறதா’ என்று பார்த்துவிட்டுக் கொடுத்தால் போதாது. இரண்டு கவுன்டரிலும் ஒரே நொடியில் பார்த்தால், இருவருக்கும் “இருக்கிறது” என்றே பதில் வரும். பிரதி ஐடிக்கு முழு யூனிக் போடவும் முடியாது. போட்டால் ஒரு பிரதியை ஆயுளில் ஒருமுறைதான் இரவல் கொடுக்கலாம். வழி இது: திரும்பிய தேதி நல்லாக உள்ள பதிவுகளுக்கு மட்டும் யூனிக் இண்டெக்ஸ். போஸ்ட்கிரெஸும் எஸ்கியூலைட்டும் இதற்கு இடம் தருகின்றன. இண்டெக்ஸ் எழுதும்போது அந்தந்த டேட்டாபேஸுக்கு உரிய ‘வேர்’ நிபந்தனையைச் சேர்த்துவிடுங்கள். மைஎஸ்கியூஎல்லில் இந்த வசதி இல்லை.

21. செக் விதிகளையும் மறக்காதீர்கள்: அபராதம் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது, திருப்ப வேண்டிய நாள் எடுத்த நாளுக்கு முன்னால் இருக்கக் கூடாது. மைஎஸ்கியூஎல் 8.0.16-க்கு முந்தைய பதிப்புகள் செக் விதியைப் படித்துவிட்டுக் காற்றில் விட்டுவிடும். பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விதிகளை ‘டேபிள் ஆர்க்ஸ்’ என்ற இடத்தில் எழுதும்போது, விதி ஒன்றே ஒன்றாக இருந்தாலும் பின்னால் ஒரு கமா வேண்டும். கமா இல்லாவிட்டால் பைத்தானுக்கு அது டுப்பிள் அல்ல.

22. விதிகளுக்குப் பெயர் வையுங்கள். மெட்டாடேட்டாவில் ‘நேமிங் கன்வென்ஷன்’ ஒருமுறை எழுதினால், யூனிக், ஃபாரின் கீ, இண்டெக்ஸ் எல்லாம் ஒரே முறையில் பெயர் பெறும். பெயரில்லாத விதியை ஒருநாள் நீக்க நேர்ந்தால், எதை நீக்குவது என்று சொல்ல உங்களிடம் வார்த்தை இருக்காது.

உறவுகள்

23. உறவை இரு பக்கமும் சொல்லுங்கள். ஒருவர் மாமா என்றால் எதிரே இருப்பவர் மருமகன். உறவு ஒன்று, அழைக்கும் பெயர் இரண்டு. பேக் பாப்புலேட்ஸ் அதைத்தான் செய்கிறது. உறுப்பினரிடம் ‘இரவல்கள்’, இரவலிடம் ‘உறுப்பினர்’. ஒரு பக்கம் சேர்த்தால் மறுபக்கம் உடனே தெரியும். பழைய பேக்ரெஃப் ஒரு பக்கம் மட்டும் எழுதி மறுபக்கத்தை மறைவாக உருவாக்கும். வேலை நடக்கும்தான். ஆனால் இரவல் கிளாஸைப் படிக்கிறவருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

24. புத்தகத்துக்கும் ஆசிரியருக்கும் இடையே வெறும் செகண்டரி டேபிள் போட்டால், இரண்டு ஐடிகள் மட்டுமே அதில் நிற்கும். அட்டையைப் பாருங்கள்: ஒருவர் எழுதியிருப்பார், ஒருவர் மொழிபெயர்த்திருப்பார், ஒருவர் தொகுத்திருப்பார். யார் பெயர் முதலில் என்பதும் முக்கியம். இதையெல்லாம் வைக்க, நடுவில் உள்ள டேபிளுக்கே ஒரு கிளாஸ் எழுதிவிடுங்கள்: புத்தகம், ஆசிரியர், பங்கு, வரிசை எண். முதல் மூன்றையும் சேர்த்துப் பிரைமரி கீ ஆக்குங்கள். ஒரே ஆள் ஒரே நூலைத் தொகுத்து மொழிபெயர்க்கவும் செய்வார். இப்போதைக்குப் பங்கு தேவையில்லை என்று தோன்றினாலும் கிளாஸாகவே எழுதுங்கள். பின்னால் மாற்றும் வலி மிச்சம்.

25. ஒரே டேபிளுக்கு இரண்டு வழி இருந்தால் எது எந்த வழி என்று சொல்லுங்கள். புத்தகத்தைக் கொடுத்த ஊழியர், திரும்ப வாங்கிய ஊழியர் என்று இரவலில் இரண்டு ஃபாரின் கீ இருந்தால், ரிலேஷன்ஷிப் குழம்பிப் பிழை காட்டும். ஒவ்வொன்றிலும் ‘ஃபாரின் கீஸ்’ என்று குறிப்பிட்டால் தெளியும். அறிமுகம் செய்தவரும் உறுப்பினராகவே இருந்தால் டேபிள் தன்னையே சுட்டும். அப்போது ‘அறிமுகம் செய்தவர்’ பக்கத்தில் ரிமோட் சைடாக ஐடியை எழுதுங்கள். எழுதாவிட்டால் கருவி அதை ஒன்றுக்குப் பல என்று எடுத்துக்கொள்ளும். ஒருவரைக் கேட்டால் பட்டியல் வரும். ஒருவருக்கு ஒரே முன்பண அட்டை என்பதுபோல ஒன்றுக்கு ஒன்று உறவு என்றால், ஃபாரின் கீயில் யூனிக்கும் போடுங்கள். பைத்தான் பக்கம் ஒன்று என்று எழுதுவது மட்டும் இரண்டாவது அட்டையைத் தடுக்காது.

26. அழிப்பதை யோசித்து எழுதுங்கள். ஒன்றும் சொல்லாமல் உறுப்பினரை அழித்தால், அவருடைய இரவல்களில் உறுப்பினர் ஐடியை நல் ஆக்கக் கருவி முயலும். அது கட்டாய நெடுவரிசை என்றால் பிழை வரும். அந்தப் பிழையைப் போக்க அவசரப்பட்டு ‘ஆல், டெலீட் ஆர்ஃபன்’ என்று காஸ்கேட் எழுதினால், உறுப்பினரோடு அவருடைய ஐந்து வருடக் கணக்கும் போய்விடும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தாய்ப் பதிவு போனபின் இதற்குத் தனி வாழ்வு உண்டா? ஆசிரியர்–புத்தகம் இடையிலான பங்குப் பதிவுக்கு இல்லை; காஸ்கேட் போடுங்கள். இரவலுக்கு உண்டு, உறுப்பினரை அழிக்காமல் ‘விலகிய நாள்’ என்று ஒரு நெடுவரிசை வையுங்கள். மொத்தமாக அழிக்கும் கட்டளைகள் ரிலேஷன்ஷிப்பின் காஸ்கேட்டைப் பார்ப்பதில்லை. ஆகவே ஃபாரின் கீயிலும் ‘ஆன்டெலீட்’ எழுதிவிடுங்கள்.

27. பட்டியல் திரை மெதுவாக வந்தால், இன்ஜினில் எக்கோ ட்ரூ என்று போட்டு ஓடும் கேள்விகளை எண்ணுங்கள். வெவ்வேறு 200 பேர் எடுத்த 200 இரவல்களைக் காட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் உறுப்பினர் பெயரை எழுதினால், 201 கேள்விகள் போயிருக்கும். எடுக்கும்போதே செலக்டின்லோட் சேர்த்தால் இரண்டில் முடியும். எழுதும் நாட்களில் உறவுக்கு லேசியை ‘ரெய்ஸ்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் எடுக்கப் போனால் உடனே பிழை காட்டும்.

கடைசியாக

28. கிரியேட் ஆல் என்ற கட்டளை இல்லாத டேபிளை உருவாக்கும். இருக்கிற டேபிளில் புதிய நெடுவரிசையைச் சேர்க்காது. அதற்கு அலெம்பிக் என்ற துணைக் கருவி இருக்கிறது. அலெம்பிக் தானாக எழுதித் தரும் மாற்றத்தைப் படிக்காமல் ஓட்டாதீர்கள். ‘கைபேசி’யைத் ‘தொலைபேசி’ என்று பெயர் மாற்றினால், பழையதை நீக்கிப் புதியதைச் சேர்ப்பதாகவே அது எழுதும். எண்கள் அத்தனையும் போய்விடும். அந்த இடத்தில் பெயர் மாற்றும் கட்டளையை நீங்களே எழுதுங்கள். எழுதிய கையோடு நெடுவரிசையின் ‘கமென்ட்’டில் ஏன் மாற்றினீர்கள் என்றும் ஒரு வரி போடுங்கள். போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் அது டேபிளோடே தங்கும். கோடை வேறொருவர் வேறு மொழியில் திரும்ப எழுதக்கூடும். டேபிள் அப்போதும் அதே டேபிள்தான். அதில் எழுதாத விதி, உங்கள் ஞாபகத்தில் மட்டுமே இருந்த விதி. பேரேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தவருக்கு அது தெரிந்திருந்தது.